தலை பார்க்கிற நாள்

விடுமுறை முடிந்த முதற்கிழமை
லாங்கென்தால் ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை.
நூலக மூலையில், ஜன்னலடியில்,
குட்டை நாற்காலி, வெள்ளைத் தாள்,
வெந்நீர்க் கோப்பையில் இரும்புச் சீப்பு.
இரண்டாம் வகுப்பு. இருபத்தொரு தலைகள்
ஒவ்வொன்றாய் வந்து என் கைக்குள் குனிகின்றன.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
உண்டு. இல்லை.

லியாண்ட்ராவின் கூந்தலில் குதிரை லாயத்து வாசம்.
வலது காதுக்கு மேலே
ஐந்து ராப்பன் காசளவு வழுக்கை.
"கணக்குப் போடேக்க கை தானாய்ப் போகும்,
பிடுங்கும்" என்றாள்,
தன் கையை வேறு யாருடையதோ போலப் பார்த்து.
இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

அர்டிட் சீப்பு ஓடும்போதே உறங்கிவிட்டான்.
இரவு வேலைக்குப் போகிறவரும்
விடியமுன் போகிறவரும்
அவன் கட்டிலருகேதான் சப்பாத்து மாட்டுகிறார்கள்.
எழுப்ப மனமில்லை.
பார்த்த தலையையே இன்னொருமுறை பார்த்தேன்.

நெலியோவுக்கு இரண்டு வீடு, இரண்டு ஷாம்பு.
"இந்தக் கிழமை ஆப்பிள்" என்று அறிவித்தான்.

தர்மிகாவின் பின்னலை அவிழ்க்க ஐந்து நிமிடம்.
ஆர் பின்னினது, தமிழில் கேட்டேன்.
நானே, ஜெர்மனில் சொன்னாள்.
வகிடு, மழையில் போன நத்தை.

தலையெழுத்து என்பார்கள் எங்கள் ஆட்கள்.
படைத்தவன் மண்டையில் கிறுக்கியதாம்,
மயிர் மூடிக்கிடப்பதால் யாருக்கும் தெரியாதாம்.
மயிரை விலக்குவதுதான் என் பிழைப்பு.
பதினொரு வருடமாய்ப் பார்க்கிறேன்:
பொடுகு, வியர்வை,
அவசரச் சீப்பின் கீறல்,
நேற்று எத்தனை மணிக்கு விளக்கணைந்தது என்பது.
எழுத்து இருக்கலாம்.
ஆனால் அது பென்சில்.

பதினாறு பேருக்கு உண்டு.
பேன் பறக்காது, குதிக்காது,
தலையும் தலையும் முட்டினால்தான் நடந்துபோகும்.
ஒரே புத்தகத்துக்குள் இருவர் புகுந்தால்.
ரகசியம் சொன்னால்.
செத்த தும்பியைச் சுற்றி நாலு பேர் குந்தினால்.

கடைசியாய் நெகார்.
காபூலிலிருந்து எங்கெங்கோ தங்கி, கோடையில் வந்தவள்.
இடுப்புவரை முடி,
அடர்த்தியான, யாரோ நாள்தோறும் வாரிய முடி.
இந்தக் காட்டில் ஒன்றும் இல்லை.

"எனக்கு?"
இல்லை.
"ஒண்டுகூட?"
ஒண்டுகூட.
மற்றப் பிள்ளைகள் துள்ளிக்கொண்டு ஓடுகிற சொல் அது.
அவள் மெதுவாய் எழுந்து
நாற்காலியை இருந்த இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போனாள்.

ஆசிரியை ட்ஸ்பின்டனிடம் பட்டியலைக் கொடுத்தேன்.
அந்தப் பிள்ளை யாரோடு இருக்கிறாள்?
"ஜன்னலோர மேசையில். தனியே.
தொந்தரவே இல்லாத பிள்ளை."
எனக்குத் தலைக்கு வெளியேதான் வேலை.
என்றாலும் சொன்னேன்,
அவளுக்கு இல்லாமல் இருப்பதுதான்
எனக்குத் தொந்தரவாயிருக்கிறது என்று.
அவள் பேனாவை மூடினாள். திறந்தாள்.
எதையும் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து மறுபார்வை.
நூலகத்துக்குப் போகும் வழியில் வகுப்பை எட்டிப் பார்த்தேன்.
ஜன்னலோர மேசை, இன்னொரு மேசையோடு ஒட்டிக் கிடந்தது.

நெகாரின் இடது காதுக்குப் பின்னால்
ஒரேயொரு ஈர்,
எள்ளில் பாதி.
நான் வருத்தம் தெரிவிக்க வேண்டிய இடம்.
ஒண்டு, என்றேன்.
"யாரிட்டயிருந்து?"
சொல்லக்கூடாது, விதி.
எனக்கும் தெரியாது.
அவளே விரல் மடக்கத் தொடங்கினாள்:
தர்மிகா. தர்மிகாவாய்த்தான் இருக்கும்.
இல்லாட்டி நெலியோ.
மூன்றாவது விரலில் நெடுநேரம் நின்றாள்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் கடிதத்தில்
விரிப்பு, தலையணை, சால்வை எல்லாவற்றையும்
அறுபது பாகையில் துவைக்கச் சொல்லியிருக்கிறது.
அவர்கள் கட்டடத்தில் சலவை முறை
இனி அடுத்த வியாழன்.

ஜன்னலால் பார்த்தேன்.
பள்ளி வாசலில் தாயிடம் கடிதத்தை நீட்டி
நெகார் குதித்துக் குதித்து ஏதோ சொல்கிறாள்.
தாய் வாசித்தாள்.
தலையில் கைவைத்தாள்.